பேரேடு தொலைந்த இரவு

"பேக்கப் எடுத்தாச்சா?" இந்தக் கேள்வி கேட்கப்படாத அலுவலகம் இன்று அநேகமாக இல்லை. "எடுத்தாச்சு சார்" என்ற பதிலும் உடனே வந்துவிடும். எடுத்து வைத்ததை ஒருமுறையாவது திருப்பிப் போட்டுப் பார்த்தீர்களா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பேக்கப் வேறு, ரீஸ்டோர் வேறு. பூட்டு வாங்கியாச்சு, சாவி சேருகிறதா என்று பார்க்கவில்லை என்பது போலத்தான் இதுவும்!

இதற்கு உலகமே பார்த்த உதாரணம் ஒன்று உண்டு. கிட்லேப் என்று ஒரு நிறுவனம். மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து, கூடிப் பேசி வேலை செய்வதற்கான தளம் அது. 2017 ஜனவரி 31 அன்று அதன் முதன்மை டேட்டாபேஸ் அழிந்துபோனது. வெளியாள் யாரும் அழிக்கவில்லை. அதைக் காப்பாற்ற உட்கார்ந்திருந்த பொறியாளரே அழித்துவிட்டார்.

என்ன நடந்தது என்று கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

கிட்லேப்பிடம் அன்று இரண்டு டேட்டாபேஸ் சர்வர்கள் இருந்தன. டிபி1 முதன்மை. டிபி2 அதன் நகல், அதாவது டிபி1-ல் எழுதப்படுவதை உடனுக்குடன் வாங்கி எழுதிக்கொள்ளும் துணை சர்வர். அன்று மாலை வேண்டாத பதிவர்களின் தொல்லையால் டேட்டாபேஸ் மீது சுமை ஏறியது. டிபி2-ஆல் ஈடுகொடுக்க முடியவில்லை. பின்தங்கி, கடைசியில் நின்றே போனது. அதைச் சரி செய்ய ஒரே வழி, டிபி2-ல் இருப்பதைத் துடைத்துவிட்டு டிபி1-லிருந்து முழுவதும் புதிதாக நகல் எடுப்பதுதான்.

இங்கே வணிகவியல் மாணவர்களுக்கு எளிதாகப் புரிகிற ஒரு விஷயம் இருக்கிறது. கணக்குப்பதிவியலில் முதலில் குறிப்பேடு, பிறகு பேரேடு. நடந்த ஒவ்வொன்றையும் தேதி வாரியாகக் குறிப்பேட்டில் எழுதி, அங்கிருந்து பேரேட்டுக்கு எடுத்து எழுதுகிறோம். பேரேடு எரிந்து போனாலும், ஒரு பழைய இருப்பும் அதற்குப் பிந்தைய குறிப்பேடும் கையில் இருந்தால் மறுபடி எழுதிவிடலாம். டேட்டாபேஸும் அப்படியே. போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள், எஸ்கியூஎல் சர்வர் என எதை எடுத்தாலும், எந்த மாற்றமும் முதலில் ஒரு பதிவுக் கோப்பில் எழுதப்படும். பிறகுதான் உண்மையான தரவுக் கோப்புக்குப் போகும். பேக்கப் என்பது ஒரு தேதியின் இருப்பு. பதிவுக் கோப்புகள் அதற்குப் பிந்தைய குறிப்பேடு. இரண்டும் இருந்தால் விபத்துக்கு முந்தைய நிமிடம் வரை மீட்டுவிடலாம்.

கிட்லேப் அந்தக் குறிப்பேட்டுப் பக்கங்களைத் தனியே எடுத்து வைக்கவில்லை. டிபி1 தனக்குத் தேவையில்லை என்று கருதிய பழைய பக்கங்களைக் கிழித்துப் போட்டுக்கொண்டே போனது. டிபி2 கேட்ட பக்கம் டிபி1-ல் இல்லை. அன்றைய சிக்கலின் வேர் இதுதான்.

இரவு யு.டி.சி. நேரப்படி 11 மணி தாண்டிவிட்டது. வேலையை முடித்துக்கொண்டு கிளம்ப இருந்தவர் அந்தப் பொறியாளர். இந்தச் சிக்கலால் மறுபடி உட்கார்ந்தார். நகல் எடுக்கும் கட்டளையைக் கொடுத்தார், ஒன்றும் நடக்கவில்லை. பிழை என்றும் சொல்லவில்லை, ஓடுகிறேன் என்றும் சொல்லவில்லை, சும்மா நின்றது. (அந்தக் கட்டளையின் சுபாவமே அதுதானாம். மறுமுனை தயாராகும்வரை வாய் திறக்காமல் காத்திருக்கும். இப்படி மௌனமாக இருக்கும் கருவிகளால் வந்த வினைகளுக்கு ஒரு கணக்கெடுப்பே நடத்தலாம்.) டிபி2-ல் அந்த போல்டர் காலியாகவே ஆனாலும் இருப்பதால்தான் தகராறு செய்கிறதோ என்று நினைத்து, அதை நீக்க ஆர்எம் கட்டளையைத் தட்டினார்.

தட்டியது டிபி2-ன் திரையில் அல்ல. டிபி1-ன் திரையில்.

இரண்டும் ஒரே மாதிரி கறுப்புத் திரை, பெயரில் ஒரே ஓர் எண் வித்தியாசம். ஓரிரு நொடிகளில் அவருக்கே உறைத்துவிட்டது. உடனே நிறுத்தினார். ஆனால் சுமார் 300 ஜிபி இருந்த இடத்தில் 4.5 ஜிபி மட்டுமே மிச்சம்.

சரி, பேக்கப்தான் இருக்கிறதே என்று தேடப் போனார்கள். அங்கேதான் இரண்டாவது அதிர்ச்சி.

தினம் ஒருமுறை முழு டேட்டாபேஸும் அமேசானின் எஸ்-3 சேமிப்பகத்துக்குப் போக வேண்டும். போய்ப் பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பு, பேக்கப் எடுக்கும் கருவியோ 9.2 பதிப்பு. பழைய கருவி, இது எனக்கு ஒத்துவராது என்று ஒவ்வொரு நாளும் பிழை சொல்லிவிட்டு நின்றிருக்கிறது. அதை அறிவிக்க மின்னஞ்சலும் அனுப்பியிருக்கிறது! ஆனால் அந்த அஞ்சல்களில் முறையான டீமார்க் அத்தாட்சி இல்லாததால், வாங்க வேண்டிய அஞ்சல் சர்வர் அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டது. வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் போடாமலே ரொக்க ஏட்டை நம்பிக்கொண்டிருந்த கதை.

அஷ்யூர் தரும் வட்டு நகல் வசதி, கோப்புகள் இருந்த சர்வர்களுக்குப் போடப்பட்டிருந்தது. டேட்டாபேஸ் சர்வர்களுக்குப் போடவில்லை. மற்றவை இருக்கின்றனவே என்ற நம்பிக்கைதான். டிபி2-ம் ஏற்கெனவே துடைக்கப்பட்டாயிற்று. ஆக, ஒன்றை நம்பி மற்றொன்று என்று ஒவ்வொன்றும் சும்மா இருந்திருக்கிறது.

காப்பாற்றியது ஒரு தற்செயல். அதே பொறியாளர் அன்று மாலை 5.20-க்கு, வேறு ஒரு சோதனைக்காக டிபி1-ன் நகல் ஒன்றை எடுத்து, சோதனை சர்வரில் போட்டு வைத்திருந்தார். வழக்கமாக 24 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் அந்த நகல் எடுக்கப்படும். அன்று அவர் கையால் ஒன்று எடுக்காமல் போயிருந்தால் இழப்பு இன்னும் பல மணி நேரம் பின்னால் போயிருக்கும். அழித்த கையேதான் காப்பாற்றியதும்.

இனி அதை எங்கே போடுவது? டிபி1-க்கே, எங்கே அழிந்ததோ அங்கேயே. இப்படி மூல சர்வருக்கே திருப்பிப் போடுவது கேட்க எளிதாக இருக்கும். பெயர் மாறாது, முகவரி மாறாது, அதை நம்பியிருக்கும் மற்ற மென்பொருள்கள் எதையும் தொட வேண்டாம். ஆனால் இருப்பதிலேயே பயம் அதிகமானதும் இதுதான். வேறு சர்வரில் போட்டால், தப்பாகப் போனால் அழித்துவிட்டு மறுபடி போடலாம். மூல சர்வரில் போட்டால் அங்கே மிச்சம் மீதி இருப்பதன் மேலேயே எழுதுகிறோம். டேலியில் பேக்கப்பை ரீஸ்டோர் செய்தவர்களுக்கு இது தெரியும். அதே போல்டரைக் காட்டினால் நேற்றைய கணக்கு வந்து இன்றைய பதிவுகளை விழுங்கிவிடும். அதனால்தான் எஸ்கியூஎல் சர்வரில் முழு மீட்பு முறையில் இருக்கும் டேட்டாபேஸின் மேல் பழையதைப் போடப் போனால், கடைசியாக எழுதப்பட்ட பதிவுகளை முதலில் பேக்கப் எடு என்று அது தடுக்கிறது. அந்தத் தடையைத் தாண்டவும் ஒரு வார்த்தை இருக்கிறது, 'ரீப்ளேஸ்'. அவசரத்தில் அதைச் சேர்த்துத் தட்டிவிட்டு, பிறகு தலையில் கை வைப்பவர்கள் உண்டு.

கிட்லேப்புக்கு அந்தத் தயக்கம் தேவைப்படவில்லை, விழுங்குவதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் நேரம் இழுத்தது. சோதனை சர்வர் என்பதால் அதற்கு மலிவான, மெதுவான வட்டுகளையே கொடுத்திருந்தார்கள். அதிலிருந்து தரவு சொட்டுச் சொட்டாக வந்தது. நகலெடுக்க மட்டும் சுமார் 18 மணி நேரம்!

அந்த நேரத்தில் கிட்லேப் செய்ததுதான் இந்தக் கதையை எல்லோருக்கும் தெரியவைத்தது. உள்ளே எழுதிக்கொண்டிருந்த குறிப்புகளை அப்படியே எல்லோரும் படிக்கத் திறந்துவிட்டார்கள். மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். ஒரு கட்டத்தில் 5,000 பேர் வரை உட்கார்ந்து பார்த்தார்கள். பின்னர் வந்த அறிக்கையில் அந்தப் பொறியாளரின் பெயர் இல்லை, 'குழு உறுப்பினர் 1' என்று மட்டும் இருந்தது. ஒருவர் கை தவறியது ஒரு நொடி. பேக்கப் வருகிறதா என்று பார்க்காமல் விட்டது எத்தனையோ நாள். பழியை ஒரு பெயரின் மேல் போட்டு முடித்திருந்தால் அந்த இரண்டாவது தவறு அப்படியே இருந்திருக்கும்.

பிப்ரவரி 1 மாலை 6 மணிக்கு வேலை முடிந்தது. 5.20-க்குப் பிறகு நள்ளிரவு வரை எழுதப்பட்டவை போயே போயின. சுமார் 5,000 திட்டங்கள், 5,000 கருத்துகள், 700 புதிய பயனர் கணக்குகள் பாதிக்கப்பட்டன. நிரல்கள் வேறு இடத்தில் இருந்ததால் தப்பின. பிறகு சர்வர்களைச் சட்டென்று அடையாளம் காணும்படி கட்டளைத் திரையை மாற்றுவது, பேக்கப்பைத் தானாகவே ரீஸ்டோர் செய்து சோதிப்பது என்று வேலைப் பட்டியல் போட்டார்கள்.

மீட்டெடுத்த பிறகு அவர்கள் செய்த ஒரு சின்ன வேலை வணிகவியல்காரர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். தொலைந்த ஆறரை மணி நேரத்தில் பல பதிவுகளுக்கு எண்கள் கொடுக்கப்பட்டிருந்தன. யார் யாரோ அந்த எண்களை எங்கெங்கோ குறித்து வைத்திருப்பார்கள். புதிய பதிவுக்கு அதே எண் மறுபடி வந்தால்? தொலைந்த ரசீதுப் புத்தகத்தின் எண்ணிலேயே இன்னொரு ரசீது போட்ட மாதிரி ஆகிவிடும். அதனால் டேட்டாபேஸில் இருந்த எல்லா வரிசை எண்களையும் 1,00,000 தள்ளி வைத்துத் தொடங்கினார்கள். நடுவில் அந்த எண்கள் காலியாகவே விடப்பட்டன.