பாறசாலையில் வீணைக்குக் காயில் கட்டுகிறவர்

நெய்யாற்றின்கரையில் வீணை சொல்லிக்கொடுக்கும் தோழி ஒருவருக்கு நீண்ட நாளாக ஒரே குறை. கோயில் மேடைகளில் அவருடைய வீணை பாதிதான் கேட்கிறது. வாசிக்கும் நான்கு கம்பிகளில் சாரணி கேட்கிறது, பஞ்சமமும் கேட்கிறது. மந்தரத்துக்கும் அனுமந்தரத்துக்கும் கை இறங்கினால் மிருதங்கம் மட்டுமே மிஞ்சுகிறது. கடையில் ஒரு பிக்கப் வாங்கிப் பொருத்திப் பார்த்தார். சாரணி இன்னும் உரக்கக் கேட்டது, மற்ற இரண்டும் இருந்த இடம் தெரியாமல் போயின. "பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவுல ஒரு ஆசான் இருக்காராம். மோட்டார் ரீவைண்டிங் பண்றவர். வீணைக்கும் கிட்டாருக்கும் காயில் கட்டுவாராம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு வீணையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார். நானும் உடன் போனேன்.

வீணைக்கு இந்தச் சாலை புதிதல்ல. ஒவ்வொரு நவராத்திரிக்கும் பத்மநாபபுரத்துச் சரஸ்வதி குழித்துறையில் ஒரு ராத்திரி, நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயிலில் ஒரு ராத்திரி தங்கி, இந்த வழியாகத்தான் திருவனந்தபுரம் போகிறாள். அங்கே குதிரைமாளிகையை ஒட்டிய நவராத்திரி மண்டபத்தில் கச்சேரி நடக்கும். அந்த மண்டபத்துக் கூரையில் மண்குடங்களைக் கவிழ்த்துத் தொங்கவிட்டிருப்பார்கள். ஒலிபெருக்கி வருவதற்கு முந்தைய காலத்தில் ஓசையைச் சீராக்க நம்மவர்கள் கண்ட வழி அது. பாறசாலையில் 1924-இல் பிறந்த பாடகி பொன்னம்மாள், பெண்கள் பாடாதிருந்த அந்த மண்டபத்தில் 2006-இல் பாடினார். ஊர்க் கோயில் திருவிழாவிலோ குடமும் கிடையாது, கூரையும் கிடையாது. ஜெனரேட்டர் ஓடும், சீரியல் விளக்கு எரியும், பக்கத்தில் வெடி வெடிக்கும். அங்கே வீணை கேட்கவேண்டுமென்றால் பிக்கப்பை நம்பித்தான் ஆகவேண்டும்.

பட்டறை ரோட்டோரமாகத்தான் இருக்கிறது. வாசலில் எரிந்துபோன பம்ப்செட் மோட்டார்கள், மிக்ஸி, மேசை விசிறி. உள்ளே நுழைந்தால் வார்னிஷ் வாசனை. ஆசானுக்கு வயது எழுபதை நெருங்கும். வாடிக்கையாளரோடு மலையாளம், வீட்டுக்குள் தமிழ். 1956-இல் எல்லை பிரித்தபோது விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுக்கும் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்துக்கும் போயின. இவருடைய குடும்பம் கேரளப் பக்கம் நின்றுவிட்டது, சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கம். அதைப் பற்றி அவருக்குப் பெரிய வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. பெரிய வருத்தம் வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

தோழி வீணையை உறையிலிருந்து எடுத்ததும், பொருத்தியிருந்த பிக்கப்பை ஆசான் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "டீச்சர், அத கழத்தி வையுங்க. மொதல்ல சும்மா வாசிங்க, கேப்போம்" என்றார். தோழி தோடி வாசித்தார். ஆசான் கண்ணை மூடவுமில்லை, தலையை ஆட்டவுமில்லை. எழுந்து வீணையைச் சுற்றி நடந்தார், குடத்தருகே குனிந்தார், யாளிமுகத்தின் பக்கம் போய் நின்றார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து, உடைந்த ஸ்பீக்கரிலிருந்து எடுத்த ஒரு காந்தத் துண்டை எடுத்தார். அதைச் சாரணிக் கம்பியருகே கொண்டுபோனதும் கம்பி காந்தத்தின் பக்கம் சாய்ந்தது. பஞ்சமமும் சாய்ந்தது. மந்தரத்தருகே கொண்டுபோனார். ஒரு அசைவும் இல்லை. அனுமந்தரமும் அப்படியே நின்றது.

"பித்தளை. காந்தத்துக்கும் இதுக்கும் ஒரு பந்தமும் கெடையாது. இதுல காந்தப் பிக்கப்ப வச்சா எப்பிடிக் கேக்கும்?"

தோழியின் நெடுநாள் குறைக்குக் காரணம் அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. வீணையின் சாரணியும் பஞ்சமமும் எஃகு, மந்தரமும் அனுமந்தரமும் வழக்கமாகப் பித்தளை. காந்தப் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிக் கட்டிய செம்புக் கம்பிச் சுருள். மேலே இரும்புக் கம்பி அதிர்ந்தால் காந்தப் புலம் கலையும், சுருளில் மின்சாரம் பிறக்கும். 1831-இல் ஃபாரடே கண்ட விதிதான், சைக்கிள் டைனமோவும் அதில்தான் ஓடுகிறது. ஆசானுக்கு இது பாடமாக வந்ததல்ல. "மோட்டார்ல கரண்டு குடுத்தா சுத்தும். இதுல கம்பி ஆடினா கரண்டு வரும். அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார். வீணைக்குப் பிக்கப் விற்ற கடையில் அந்த வீணையின் கம்பி என்ன உலோகம் என்று யாரும் கேட்டிருக்கவில்லை.

மேசையில் இன்னொரு வாத்தியமும் கிடந்தது. ஒரு தேவாலயப் பாடகர் குழுவின் ஹவாயன் கிட்டார். மடியில் படுக்கவைத்து, இடது கையில் எஃகு உருளையைக் கம்பிமேல் வழுக்கி வாசிப்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஹவாய்த் தீவில் ஜோசஃப் கெக்குக்கு என்பவர் பரப்பிய வித்தை. உலகில் முதலில் வணிகமாக வெற்றி கண்ட மின்கிட்டாரும் இந்த வகைதான். ஜார்ஜ் போஷாம் வடிவமைத்து ரிக்கன்பாக்கர் 1932-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது அது. பின்னால் அமெரிக்காவில் கால்மிதிகள் சேர்த்து பெடல் ஸ்டீல் ஆக்கினார்கள். நம் நாட்டுக்கும் அந்த வழுக்கல் சுகம் பிடித்துவிட்டது. ஹவாய்க்காரர் டாவ் மோ 1940-களில் கல்கத்தாவில் இருந்து வாசித்தார், பிரிஜ் பூஷண் காப்ரா அதில் ராகம் வாசித்தார். நமக்கு அதற்கு முன்பே கோட்டு வாத்தியம் இருந்தது. கருங்காலி உருட்டை வைத்து வழுக்கும் அந்த வாத்தியத்தைத் திருவிடைமருதூர் சகாராம ராவும் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளும் மேடையேற்றினார்கள்.

ஆசான் இந்தத் தொழிலுக்கு வந்ததும் ஹவாயன் கிட்டார் வழியாகத்தான். பையனாக இருந்தபோது அப்பாவோடு மோட்டார் கட்டினார். ராத்திரியில் கானமேளக் குழுவின் ஆம்பிளிஃபயரைச் சுமக்கப் போவார். ஒரு திருவிழாவில் கிட்டார்க்காரரின் பிக்கப் ஊமையாகிவிட்டது. மாற்றுப் பிக்கப் ஊரிலேயே கிடையாது. இவர் அதைப் பிரித்து, அறுந்த இடத்தைத் தேடி, கிடைக்காமல், கையிலிருந்த மெல்லிய எனாமல் கம்பியில் முழுவதையும் புதிதாகச் சுற்றிக்கொடுத்தார். "பழசவிட இது நல்லாருக்குடேன்னு அவரு சொன்னாரு. ஏன் நல்லாருக்குன்னு எனக்குத் தெரியல. அத தெரிஞ்சுக்கிடத்தான் இவ்வளவு காலம் ஆச்சு." நடுவில் வளைகுடாவுக்குப் போய் ஏசி மோட்டார் கட்டியதும் உண்டு. அந்தக் காலத்தை அவர் ஒரு வாக்கியத்தில் தாண்டிவிட்டார்.

அவருடைய சுற்று எந்திரத்தைப் பார்த்த பிறகு எனக்கு மற்றதில் கவனம் போகவில்லை. பழைய கைத் தையல் எந்திரத்தின் சக்கரம், அதன் அச்சில் பாபினைப் பொருத்த ஒரு மரக்கட்டை, பக்கத்தில் சுற்று எண்ணும் இரும்புக் கருவி. வலது கை சக்கரத்தைச் சுழற்றுகிறது. கம்பி இடது கையின் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு கம்பளித் துண்டின் வழியாக ஓடுகிறது. தலைமயிரைவிட மெல்லிய கம்பி அது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால்தான் கண்ணுக்குத் தெரியும். இழுப்பு கூடினால் கம்பி நீண்டு மெலியும், அல்லது அறும். குறைந்தால் சுற்றுகள் தளர்ந்து, பின்னால் மேடையில் தாமாகவே அதிர்ந்து ஊளையிடும். ஒரு சாதாரண கிட்டார் பிக்கப்புக்கு எட்டாயிரம் சுற்றுக்கு மேல் வேண்டும், ஸ்டீல் கிட்டாருக்கு இன்னும் கூடுதல். அத்தனையும் அந்த இரண்டு விரல்களின் பொறுப்பு. விரல் நுனிகளில் ரேகை தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. ரேஷன் கடை எந்திரம் அந்த விரலை எடுத்துக்கொள்வதில்லை என்று அவர் மனைவி சொன்னார்.

சுற்று கூடக்கூடச் சத்தம் கூடும். ஆனால் உச்சத்தில் இருக்கும் பளபளப்பு மங்கும். குறைத்தால் துல்லியம் வரும், சத்தம் மெலியும். வாங்க வருகிறவர்கள் எல்லோரும் சத்தத்தைத்தான் கேட்கிறார்கள் என்பது ஆசானின் ஆதங்கம். "சத்தம் கூட்ட ஆம்பிளிஃபயர் இருக்கு. போன துல்லியத்த எந்தப் பெட்டியும் திருப்பித் தராது, கேட்டேளா." பிக்கப்பை எங்கே வைப்பது என்பதும் அதே அளவு முக்கியம். குதிரைக்கு நெருங்கினால் கூர்மை, விலகினால் உருண்டை. திருவிழா மேடையில் மின்விளக்கின் ஐம்பது ஹெர்ட்ஸ் இரைச்சலும் சுருளில் ஏறிக்கொள்ளும். அதற்காகத் தேவாலயக் கிட்டாருக்கு எதிரெதிராகச் சுற்றிய இரட்டைச் சுருள் கட்டிக்கொண்டிருந்தார். 1955-இல் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் உருவாக்கிய முறை அது. ஒரு சுருளில் ஏறும் இரைச்சலை மற்றது கழித்துவிடும்.

சுற்றி முடித்த காயிலை உருகிய மெழுகில் முக்குகிறார். தேன்மெழுகோடு கொஞ்சம் பாரஃபின். இளம் சூட்டில் வைத்திருந்தால் சுற்றுகளுக்கு இடையே இருக்கும் காற்று குமிழ் குமிழாக வெளியேறி, அந்த இடத்தில் மெழுகு நிறைந்து, தளர்ந்த கம்பியெல்லாம் இறுகிவிடும். தோழி அந்தப் பாத்திரத்தை எட்டிப் பார்த்து, "இது எங்க மேளம் கட்டுற மெழுகு மாதிரியே இருக்கே" என்றார். மேளம் கட்டுவது என்றால் வீணைக்கு மெட்டு வைப்பது; இருபத்துநான்கு மெட்டுகளையும் தண்டிமேல் பிடித்துவைத்திருப்பதும் தேன்மெழுகுதான். தஞ்சாவூரில் அதில் கரியும் குங்கிலியமும் சேர்ப்பார்கள். ஆசானுக்கு அது தெரிந்திருந்தது. தஞ்சாவூருக்குப் போய், பலாமரத்தில் குடம் குடைவதையும் மேளம் கட்டுவதையும் பட்டறையில் உட்கார்ந்து பார்த்தவர் அவர்.

இனி தோழியின் வீணை. ஆசான் இரண்டு வழி சொன்னார். பித்தளையை எடுத்துவிட்டு, எஃகின்மேல் நிக்கல் சுற்றிய கம்பி போட்டால் காந்தப் பிக்கப் நான்கு கம்பிகளையும் கேட்கும். அப்படிச் செய்வதானால் கம்பிக்கொரு காந்த முளை உதவாது, கமகத்துக்கு இழுக்கும்போது கம்பி முளையைவிட்டு விலகும், ஆகவே நீளப்பட்டையாக ஒரே காந்தத் தகடு வேண்டும் என்றார். தோழி ஒத்துக்கொள்ளவில்லை. மந்தரத்தின் பித்தளை நாதத்துக்காகத்தான் இத்தனை பாடு, அதை எடுத்துவிட்டு மைக் எதற்கு என்று கேட்டார். ஆசானின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அந்தப் பதிலை எதிர்பார்த்துத்தான் கேட்டிருக்கவேண்டும்.

இரண்டாவது வழி, அதிர்வை மரத்திலிருந்தே எடுப்பது. அழுத்தினால் மின்சாரம் தரும் பொருள்களைக் கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டார்கள். விளையாட்டுச் சாமான்களில் கீச்சிடும் வட்டத் தகட்டில் இருப்பது அந்த வகைப் பீங்கான். கம்பி பித்தளையா எஃகா என்று அது பார்க்காது. பலகை அதிர்ந்தால் போதும். ஆனால் நேராக மிக்சரில் சொருகினால் அடிநாதம் போய்த் தகரச் சத்தம்தான் வரும். நடுவே உள்ளீட்டு எதிர்ப்பு கூடிய ஒரு சின்ன சர்க்யூட் வேண்டும், ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஓடுவது. அதை அவர் பற்றவைத்த விதம் எனக்குப் பிடிபடவில்லை, விட்டுவிடுகிறேன்.

பிறகு நடந்ததுதான் வேலை. தகட்டைச் சிறு மெழுகு உருண்டையால் வீணையின் பலகையில் ஒட்டுவார், தோழி அனுமந்தரத்தை மீட்டுவார், ஆசான் ஹெட்ஃபோனில் கேட்பார், பெயர்த்தெடுத்து வேறிடம் ஒட்டுவார். குதிரையின் காலடியில் ஒட்டினால் மீட்டும் நகத்தின் சத்தம் முந்திக்கொண்டது. பலகையின் ஓரத்தில் நாதம் மங்கியது. விரல் முட்டியால் பலகையை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போனார். குதிரைக்கும் ஓரத்துக்கும் நடுவே, பக்கவாட்டில் சற்றுத் தள்ளி ஓர் இடத்தில் தட்டிய கை நின்றது. அங்கே ஒட்டி மீட்டியதும் தோழி நிமிர்ந்து உட்கார்ந்தார். மந்தரம் மந்தரமாகவே கேட்டது. பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு, "வேற வீணைக்கு இந்த இடம் வராது. அத அதத்தான் தட்டிப் பாக்கணும்" என்றார்.

கூலியைச் சொன்னபோது தோழிக்குக் கூச்சமாகிவிட்டது. ஒரு மோட்டாரை ரீவைண்டு பண்ணக் கொடுப்பதைவிடக் குறைவு. அதன் பின்னால் இருக்கும் கணக்கை ஆசானின் மகன் சொன்னார். பட்டறையில் தயாராகும் காயில்களில் பெரும்பகுதியை ஒரு தரகர் வந்து மொத்தமாக எடுத்துக்கொண்டு போகிறார். விலையை வைப்பவர் அவர்தான். கம்பியும் காந்தமும் அவரிடமே கடனாக வாங்கவேண்டும், அதற்கும் விலை அவர் வைப்பதுதான். காயில்மேல் பளபளப்பான மூடி போட்டு, வெளிநாட்டுச் சாயலில் ஒரு பெயரை ஒட்டி, நகரத்துக் கடையில் பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள். பழுதாகிவிட்டால் அதே பொருள் வேறு கைகள் வழியாக ஆசானிடமே வருகிறது. தன் கைச்சுற்றை அவருக்கு அடையாளம் தெரியும். சொல்லிக்கொள்ள உரிமை மட்டும் இல்லை.

எனக்கு இதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கொடுத்தோம். அது வேண்டியதுதான், மரம் குடைகிறவரின் பெயரும் இன்னும் உரக்கச் சொல்லப்படவேண்டும். ஆனால் இன்றைக்குப் பெரிய சபையில் உட்கார்ந்து வீணை கேட்கிறவர் காதில் விழுவது, குடம், கம்பி, பிக்கப் மூன்றும் சேர்ந்த நாதம். அந்த மூன்றாவதைச் செய்கிறவரைக் கைவினைஞர் என்று எந்தப் பட்டியலும் எண்ணுவதில்லை. அவருக்கு அடையாள அட்டையும் கிடையாது, கூட்டுறவுச் சங்கமும் கிடையாது. அவர் மோட்டார் ரிப்பேர்க்காரர், அவ்வளவுதான். எட்டாயிரம் சுற்றைத் தன் விரல் இழுப்பால் சீராக ஓட்டுகிறவருக்குக் கூலியும், அதன்மேல் தகரமூடி போடுகிறவருக்கு லாபமும் போவது எந்த வியாபார நியாயத்திலும் சேராது. வீணை வாசிக்கிறவர்களும் கிட்டார் வாசிக்கிறவர்களும் கடைக்குப் போவதற்கு முன்னால் இப்படிப்பட்ட பட்டறைக்குப் போகட்டும். செய்தவர் பெயரைக் கேட்கட்டும், செய்தவர் கையில் காசைக் கொடுக்கட்டும். இங்கே பெயரைப் போடத்தான் நான் நினைத்தேன். தரகர் பாக்கி வைத்திருக்கும் பணம் வந்து சேரும்வரை வேண்டாம் என்று மகன் கேட்டுக்கொண்டதால் விட்டுவிட்டேன்.

தோழி அவர் கேட்டதற்கு மேலேயே கொடுத்தார், ஆசானும் மறுக்காமல் வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது, தனக்குத் தெரிந்த ஒருவரிடம் பழைய கோட்டு வாத்தியம் ஒன்று இருக்கிறது, அதற்கும் ஏதாவது செய்ய முடியுமா என்று தோழி கேட்டார். ஆசானுக்கு உடனே உற்சாகம் வந்துவிட்டது. மெட்டே இல்லாத வாத்தியம், கீழே ஒத்ததிர்வுத் தந்திகள் வேறு ஓடுமே, அவை எந்த உலோகம், உருட்டு மரமா கொம்பா என்று கேள்விமேல் கேள்வி கேட்டார். தோழிக்கு எதுவும் தெரியவில்லை.

"சாரமில்ல, கொண்டு வரச் சொல்லுங்க டீச்சர். ஆனா ஒண்ணு. கொண்டு வர்றதுக்கு முன்ன பழைய கம்பிய மாத்திராண்டாம்னு சொல்லிருங்க. எந்தக் கம்பி கெடக்குன்னு நான் பாக்கணும்."

சொல்லிவிட்டு அவர் தேவாலயக் கிட்டாரின் இரண்டாவது சுருளுக்குத் திரும்பினார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குள் அது தயாராகவேண்டுமாம்.