மழை மாதத்தில் அளக்க வேண்டிய நிலம்

கெடாவின் தெற்கே, பாடாங் மேஹா, பாடாங் செராய் வட்டாரங்களில் பால்மரத்திலிருந்து செம்பனைக்கு மாறிய தோட்ட நிலங்களைப் போன்றவையே, குப்பை நிரப்பு நிலையத்திற்கு இடம் தேடுவோரின் கண்ணில் முதலில் படுகின்றன. பரப்பு பெரிதாகவும் உரிமையாளர் ஒருவராகவும் இருப்பது நிலம் வாங்குவதை எளிதாக்கலாம். நிலத்தின் தகுதியைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. ஓரிடத்தில் கட்டுமானம் நிலைத்து நிற்குமா, பல்லாண்டுகள் சுற்றுப்புற நீரைக் கெடுக்காமல் இயங்குமா, அதற்கான செலவு தாங்கத்தக்கதா என்று வரைபடம் தீட்டப்படும் முன்பே தீர்மானிப்பது பொறியியல் சாத்தியக்கூற்றாய்வு. ‘இயலாது’ என்று எழுத உரிமையில்லாத ஆய்வு அப்பெயருக்குத் தகுதியற்றது.

இவ்வாய்வின் மையம் நீர். மழைநீர் குப்பைக்குள் இறங்கி, அழுகிய பொருள்களின் சாறோடு அடியில் வடிவது கசிவுநீர் எனப்படும். ஒரு ஹெக்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழைக்கு 10 கனமீட்டர் நீர் சேருமாதலால், ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் கொட்டினால் மூடப்படாத ஒவ்வொரு ஹெக்டரின் மீதும் 1,000 கனமீட்டர் விழுகிறது. கரிமப் பொருளைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜன் அளவை உயிர்வேதி ஆக்சிஜன் தேவை என்பர். வெளியேற்றப்படும் கசிவுநீரில் அது லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என மலேசியாவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகள் வரையறுக்க, புதிய குப்பையின் கசிவுநீரிலோ அது ஆயிரக்கணக்கில் இருக்கும். இந்த இடைவெளியை அடைக்கும் சுத்திகரிப்புக் குளங்களே பல திட்டங்களின் செலவுக் கணக்கைப் புரட்டிவிடுகின்றன.

வடமேற்கு மலேசியாவில் ஆண்டுத் தொடக்க மாதங்கள் வறண்டவை. ஏப்ரல், மே மாதங்களிலும் செப்டம்பருக்குப் பின்னும் மழை மிகும். துளையிடும் எந்திரம் சேற்றில் சிக்காது என்பதற்காக மண் ஆய்வை வறண்ட மாதங்களிலேயே முடித்துவிடும் வழக்கம் மிகத் தவறானது. அப்போது ஆழத்தில் கிடக்கும் நிலத்தடி நீர்மட்டம் அக்டோபரில் மேலேறி, குப்பையின் அடித்தளத்தையே தொடக்கூடும். துளைகளில் நீர்மட்டக் குழாய்களைப் பதித்து, ஓராண்டு முழுவதும் அளந்த பிறகே அடித்தள மட்டத்தை முடிவு செய்வது பொறுப்பான முறை.

அடித்தளக் களிமண்ணுக்குப் பொதுவாகக் கோரப்படும் நீர்க்கசிவுத் திறன் வினாடிக்கு ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 3 சென்டிமீட்டர். ஆய்வகக் குழாயில் அடைத்த மண் இத்தேர்வில் எளிதாகத் தேறலாம். ஆனால் பால்மரத்தின் ஆணிவேர் ஆழமாக இறங்குவது; மரம் வெட்டப்பட்டு வேர் மக்கியபின் எஞ்சும் துளைகள் வழியே நீர் விரைந்து இறங்கும் என்பதைக் கைப்பிடி அளவு மாதிரி காட்டாது. பழைய மர வரிசைகளின் ஊடே குழி வெட்டி, அதில் நீர் நிரப்பி, அது இறங்கும் வேகத்தைக் களத்திலேயே அளக்க வேண்டும். மேல்மண்ணை அகற்றி, களிமண்ணை அடுக்கடுக்காக இறுக்கி, அதன்மேல் பாலித்தீன் விரிப்பை இடுவதற்கான செலவும் அப்போதுதான் உண்மையாகத் தெரியவரும்.

குப்பை மேட்டுச் சரிவின் உறுதியும் நீரோடு பிணைந்ததே. கொழும்பு மீதொட்டமுல்லையில் 2017 ஏப்ரல் 14 அன்று, புத்தாண்டு நாளில், குப்பை மேடு வீடுகளின்மேல் சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மென்மையான சதுப்பு நிலத்தின்மேல் திட்டமின்றி உயர்ந்த மேடு அது. எரியுலை அமைத்தால் இத்தொல்லைகள் நீங்கும் என்போர், எடையில் பாதிக்கும் மேல் ஈரமுள்ள மலேசியக் குப்பையை எரிக்க முதலில் அந்த ஈரத்தை ஆவியாக்க வேண்டும் என்பதைக் கணக்கில் கொள்வதில்லை. சிலாங்கூரின் புரோகாவில் நாளொன்றுக்கு 1,500 டன் எரிக்கத் திட்டமிடப்பட்ட உலை 2007இல் கைவிடப்பட்டது.

தோட்ட நிலத்தைக் காலி நிலமென வரைபடம் காட்டினாலும், லயங்களும் கோயிலும் கிணறும் எங்கே இருக்கின்றன, கான்கள் எந்த ஓடையில் கலக்கின்றன என்பதை ஆய்வாளர் நடந்தே அறிய வேண்டும். கெடாவில் ஓடும் மூடா ஆற்றிலிருந்து பினாங்கும் குடிநீர் எடுப்பதால், நிலத்தின் வடிகால் எந்த ஆற்றுப்படுகையைச் சேர்ந்தது என்பது மாநில எல்லையைத் தாண்டிய கேள்வியாகிறது. நிலையம் வருமுன்னரே வறண்ட மாதத்திலும் மழை மாதத்திலும் ஒவ்வொரு கிணற்று நீரையும் சோதித்து, முடிவுகளை ஆய்வறிக்கையில் சேர்ப்பதோடு, அதன் ஒரு படியைக் குடியிருப்பு மக்களிடமும் தர வேண்டும். அந்த முதல் அளவு இல்லையெனில், பத்தாண்டு கழித்துக் கிணறு கெட்டாலும் அதை நிரூபிக்க அவர்களிடம் எந்தச் சான்றும் இராது.