குறிப்பேட்டில் எழுதிய பொய்



முதல் வகை நீரிழிவு நோயுள்ள எங்கள் மகனுக்கு வயது 14. அவனது குறிப்பேட்டில் சர்க்கரை அளவு எந்நாளும் 120, 130 என்றே இருந்தது. ஆனால், ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் 11 சதவீதம் வந்தது. மதரஸாவில் வாய்மையைப் போதிக்கும் எங்கள் வீட்டிலேயே பொய்!

அடையாற்றில் குடும்ப ஆலோசகர் ஒருவர் மூவரையும் அமர்த்திக் கேட்டார்: “உண்மையான எண்ணை எழுதினால் வீட்டில் என்ன நடக்கும்?”

“அத்தா திட்டுவாங்க, அம்மா அழுவாங்க” என்றான் மகன். நாங்கள் தலைகுனிந்தோம்.

1922இல் டொரண்டோவில் முதன்முதலாக இன்சுலின் பெற்ற லெனர்ட் தாம்சனுக்கும் வயது 14தான். மருந்தை அல்லாஹ் அன்றே அருளிவிட்டான். பிள்ளையின் சுமையைப் பகிர்வது பெற்றோர் மீதான அமானிதம்.

இப்போது அவன் ஊசி போடும்போது எங்களில் ஒருவர் அருகிலிருக்கிறோம். எண் எதுவாயினும் கடிந்துகொள்வதில்லை, “அடுத்து என்ன செய்யலாம்?” என்றே கேட்கிறோம்.

நேற்றிரவு அவனே வந்து “286” என்றான். உயர்ந்த அளவுதான், ஆயினும் உண்மையான அளவு. மருத்துவர் இன்சுலினைத் திருத்த அதுவே உதவும். அல்ஹம்துலில்லாஹ்.

நோயுற்ற பிள்ளைகள் அனைவருக்கும் அல்லாஹ் ஷிஃபா அளிப்பானாக. ஆமீன்.