பைபிள் இருக்கிறது, எந்திரம் எங்கே?

பாஸ்டன் நகரிலிருந்து சார்லஸ் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் கேம்பிரிட்ஜ். இங்கிலாந்தில் இருக்கும் கேம்பிரிட்ஜ் அல்ல, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஊர். பாலம் இறங்கியதுமே எம்.ஐ.டி. வளாகம். ரோபோ, கம்ப்யூட்டர், ராக்கெட் என்றே நாம் கேள்விப்பட்ட இடம். 2016-ல் அங்கே மாணவர்கள் சேர்ந்து கட்டிய எந்திரத்துக்கோ மின்சாரமே தேவையில்லை. அது மரத்தாலான கை அச்சு எந்திரம். சில நூற்றாண்டுகளுக்கு முன் ஐரோப்பா முழுக்கப் புத்தகம் அச்சடித்த வகை.

வேடிக்கை என்னவென்றால், அது எஞ்சினீயரிங் பாடத்துக்காகச் செய்ததல்ல. மறுமலர்ச்சிக் காலத்திலும் இன்றும் புத்தகம் எப்படி உருவாகிறது என்று சொல்லும் வரலாற்றுப் பாடம். நடத்தியவர்கள் ஆன் மெக்கான்ட்ஸ், ஜெஃப்ரி ராவெல் என்ற இரு வரலாற்றுப் பேராசிரியர்கள். ஒரு பக்கம் வாசிப்பு. இன்னொரு பக்கம் வளாகத்திலுள்ள 'ஹாபி ஷாப்' பட்டறையில் மரவேலை. எம்.ஐ.டி.யின் முத்திரையில் புத்தகத்தோடு ஒருவரும் சுத்தியலோடு ஒருவரும் நிற்பார்கள். 'அறிவும் கையும்' என்பது அதன் வாசகம். பல கல்லூரிகளில் இப்படிப்பட்ட வாசகம் முத்திரையோடு நின்றுவிடும். இங்கே பட்டறை வரை வந்திருக்கிறது.

வரலாறு படிக்க ரம்பமும் உளியும் எதற்கு? காரணம் இருக்கிறது. குட்டன்பர்க் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் 1455 வாக்கில் அச்சிட்டு முடித்த பைபிள்களில் 40-க்கும் மேற்பட்ட பிரதிகள் இன்றும் உள்ளன. ஆனால் அவற்றை அச்சடித்த எந்திரம் இல்லை. அதன் வரைபடமும் இல்லை. அச்சு எந்திரத்தைக் காட்டும் மிகப் பழைய படம் 1499-ல் பிரான்சின் லியோன் நகரில் வெளியானது. அதிலும் அச்சுத் தொழிலாளர்களை எலும்புக்கூடுகள் வந்து இழுத்துப் போகின்றன! மிஞ்சியிருக்கும் எந்திரங்களிலேயே பழையவை, பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகர அருங்காட்சியகத்தில் உள்ள, 1600 வாக்கில் செய்த இரண்டு. ஆகவே ஆரம்பகால எந்திரம் எப்படி வேலை செய்திருக்கும் என்று அறிய, செய்து பார்ப்பதும் ஒரு நல்ல வழி.

பார்வைக்கு அது எளிய எந்திரம். இரண்டு தடித்த மரத்தூண்கள், நடுவே ஒரு பெரிய திருகு, அதைத் திருப்ப நீண்ட கைப்பிடி, அடியில் ஒரு அழுத்துப் பலகை. கீழே கோத்து வைத்த ஈய எழுத்துகள். மை தடவி, காகிதத்தை வைத்து, கைப்பிடியை இழுத்தால் பக்கம் தயார்.

செய்யப் போனால்தான் சிக்கல் தெரியும். திருகு சுற்றும்போது பலகையும் கூடவே சுற்றினால் எழுத்தெல்லாம் இழுபட்டுப் போகும். பலகை சுற்றாமல் நேராக மட்டும் இறங்க வேண்டும். அதற்காகத் திருகின் தண்டைச் சுற்றி ஒரு மரப்பெட்டி. தண்டு உள்ளே சுற்ற, பெட்டி சுற்றாது. திருகின் மரையிலும் சங்கடம் உண்டு. மரை நெருக்கமாக இருந்தால் நல்ல அழுத்தம் கிடைக்கும், ஆனால் பல முறை சுற்ற வேண்டும். அகலமாக இருந்தால் ஒரே இழுப்பில் இறங்கும், அழுத்தம் குறையும்.

பலகை ஏன் தாளில் பாதியை மட்டும் மூடுகிறது என்பதற்கும் விடை இங்கேதான். ஒரு மனிதக் கை தரும் பலம் இவ்வளவுதான். பலகையைப் பெரிதாக்கினால் அந்தப் பலம் பரவி, எழுத்து மங்கிவிடும். அதனால் பாதித் தாளுக்கு ஒரு இழுப்பு, தட்டை உள்ளே தள்ளி மறுபாதிக்கு இன்னொரு இழுப்பு. 1800 வாக்கில் இரும்பு எந்திரம் வந்த பிறகுதான் முழுத் தாளும் ஒரே இழுப்பில் அச்சானது.

அந்தக் காலத்தில் இரண்டு பேர் ஜோடியாக நிற்பார்கள். ஒருவர் மை தடவ, மற்றவர் இழுக்க, மணிக்கு 250 தாள் என்பது கணக்கு. அதாவது ஒரு தாளுக்கு 15 வினாடிகூட இல்லை. மை என்பது காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் குழைத்த கரி. அதைத் தடவும் தோல் உருண்டை விறைக்காமல் இருக்க இரவில் சிறுநீரில் ஊறப்போடுவார்களாம். நல்லவேளை, வரலாற்றை அவ்வளவு தூரம் பின்பற்ற வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

இந்த ஊருக்கும் அச்சுக்கும் பழைய உறவு. எம்.ஐ.டி. பக்கத்திலிருந்து மாசசூசெட்ஸ் அவென்யூவிலேயே போனால் ஹார்வர்ட் சதுக்கம். அன்றைய ஆங்கிலேயக் குடியேற்றங்களின் முதல் அச்சகம் அந்தப் பகுதியில்தான் அமைந்தது. 1638-ல் அச்சு எந்திரத்தோடு கப்பலேறிய பாதிரியார் குளோவர் கடலிலேயே இறந்துபோனார். மனைவி எலிசபெத் கரை சேர்ந்து அச்சகத்தை நிறுவினார். 1640-ல் அங்கே அச்சான சங்கீதப் புத்தகத்தின் ஒரு பிரதி 2013-ல் 1 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது.

நம் தரங்கம்பாடிக் கதையும் கிட்டத்தட்ட இதேதான். சீகன்பால்குக்காக லண்டனிலிருந்து புறப்பட்ட அச்சு எந்திரம் வழியில் பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கி மீண்டது. கூட வந்த அச்சுத் தொழிலாளி கரை சேரவில்லை. 1712-ல் எந்திரம் மட்டும் வந்தது. ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரியவை, காகிதத்தை விழுங்கின. பாலாடைக்கட்டி வந்த ஈயப் பெட்டிகளை உருக்கி, இங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். அடுத்து பொறையாறில் ஒரு காகித ஆலையும் எழுந்தது.

தாள் அச்சானதும் வேலை முடிந்தது என்று நினைத்தால் தப்பு. எழுத்துகளைக் கழுவி, ஒவ்வொன்றாக எடுத்து, அதனதன் அறையில் திரும்பப் போட வேண்டும். ட்ரெடில் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை கோத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இன்று ஒரு எழுத்து அறை மாறி விழுந்தால், நாளை யாரோ ஒரு மாப்பிள்ளையின் பெயரில் அது தலைகாட்டும்.