விதைக்கென ஒரு காய்

சாயர்புரத்தில் நமது இல்லத்தின் பின்புறம் சிறிது செம்மண் நிலம் உண்டு. முன்னொரு முறை அதில் வீரிய ஒட்டுக் கத்தரி நட்டோம், நன்கு காய்த்தது. அதன் விதையையே மறு ஆண்டு விதைத்தோம். செடிக்குச் செடி காய் வேறுபட்டது, விளைச்சலும் குன்றியது. ஒட்டு விதையின் இயல்பே அது என அறியாதது நமது பிழை.

அதைக் கண்ட அண்டை வீட்டுப் பாட்டியார், சாம்பலில் புரட்டி வைத்திருந்த நாட்டுக் கத்தரி விதையில் ஒரு பிடி தந்தார். “நல்ல செடியில ஒரு காயைப் பழுக்க விட்டுருங்க, சாமி” என்றார்.

கடற்காற்றின் ஈரமும், இரவிலும் தணியாத வெக்கையும் சேரும்போது இங்கே தக்காளிப் பூ உதிர்ந்துவிடுகிறது. கத்தரி, வெண்டை, கொத்தவரை, புடலை ஆகியன தாங்கி நிற்கின்றன. அவற்றுள்ளும் ஊரில் வழிவழியாக விளைந்த ரகமே நம்பத்தக்கது. வெயிலை வென்ற செடியின் விதையையே முன்னோர் ஆண்டுதோறும் எடுத்து வைத்தனர் அல்லவா? 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாயும், வேலூர் இலவம்பாடி முள்ளுக் கத்தரியும் இவ்வாறு பேணப்பட்டவையே.

அன்பர்களே, கத்தரி மஞ்சளாகப் பழுத்தபின் விதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து வையுங்கள். சுரை, புடலையில் பூச்சிகள் மகரந்தத்தைக் கலந்துவிடும். ஆதலால் ஒவ்வொன்றிலும் ஒரே ரகம் நடுங்கள்.

பாட்டியார் இன்று இல்லை. அவர் வீட்டில் விதை எடுத்து வைப்பாரும் இலர். நமது தோட்டத்தில் ஒரு கத்தரி மஞ்சளாகி நிற்கிறது. குழம்புக்குப் பறிக்கட்டுமா எனச் சமையற்காரர் இருமுறை கேட்டார். இருமுறையும் மறுத்துவிட்டோம்.