பேரை முதலில் பாருங்கள்

ஓசூருக்கும் ராயக்கோட்டைக்கும் நடுவில் இருக்கும் கெலமங்கலத்தில், தகடு அடிக்கும் பிரஸ் ஷாப் ஒன்றுக்கு டெலிவரி சலான் போடும் மென்பொருளை, கேக்பிஎச்பி 2 என்ற பிஎச்பி ஃபிரேம்வொர்க்கில் எழுதிக் கொடுத்தேன். என் விண்டோஸ் லேப்டாப்பில் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகே அங்கிருந்த லினக்ஸ் சர்வரில் ஏற்றினேன். மறுநாள் காலை ஸ்டோரிலிருந்து போன்.

"தம்பி, சலான் நம்பர் வருது, தேதி வருது. உள்ள ஒரு ஐட்டமும் இல்லையே. லாரி நிக்குது."

எரர் எதுவும் இல்லை. டேட்டாபேஸைத் திறந்தால் ஐட்டம் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. அரை நாள் குவெரியோடு மல்லுக்கட்டினேன். கடைசியில், எத்தனை பீஸ் பாக்கி என்று கணக்குப் பார்க்க நான் எழுதிய ஃபங்ஷனை நேராகக் கூப்பிட்டேன். மைஎஸ்கியூஎல் 1064 என்று சிண்டாக்ஸ் எரர் காட்டியது. எரரில் இருந்தது என் ஃபங்ஷனின் பேர். ஃபங்ஷன் பேர் எப்படி டேட்டாபேஸ் வரை போகும்? என் மாடலே லோட் ஆகவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மாடலின் பேர் டெலிவரி, சலான் என்று இரண்டு சொல் சேர்ந்தது. இரண்டாவது சொல்லின் முதல் எழுத்தும் கேப்பிடலாக இருக்க வேண்டும். கிளாஸில் சரியாக எழுதிய நான் ஃபைல் பேரில் அதை ஸ்மாலில் அடித்திருந்தேன். கேக்பிஎச்பி 1-ஆம் பதிப்பில் ஃபைல் பேர் முழுக்க ஸ்மால்தான், நடுவில் அடிக்கோடு வரும். 2011-இல் 2 வந்தபோது கிளாஸ் பேரே ஃபைல் பேர் ஆனது. பழைய பழக்கம் விரலில் மிச்சம் இருந்தது. ஃபைல் பேரில் கேப்பிடலும் ஸ்மாலும் விண்டோஸுக்கு ஒன்று, லினக்ஸுக்கு வேறு வேறு.

ஃபைல் கிடைக்காத கேக்பிஎச்பி நிற்கவில்லை. கூப்பிடும் மாடல் இல்லையென்றால், எல்லா மாடலுக்கும் பொதுவான ஆப்மாடலை வைத்து அதே பேரில் ஒரு மாற்று மாடலைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். டேபிளைப் படிக்க அதற்குத் தெரியும். அதனால் நம்பரும் தேதியும் வந்தன. ஒரு சலானுக்குப் பல ஐட்டம் உண்டு என்று நான் எழுதிய ஹேஸ்மெனி வரி அதற்குத் தெரியாது. தெரியாத ஃபங்ஷனைக் கூப்பிட்டால் அந்தப் பேரையே எஸ்கியூஎல் என்று அனுப்பிவிடும். 2015-இல் வந்த 3-லும் நம் டேபிள் கிளாஸ் கிடைக்காவிட்டால் பொதுவான டேபிள் கிளாஸ் ஒன்று அந்த இடத்தில் வந்து நிற்கும்.

என்னிடம் வேலை பழகும் பையன்கள் வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், பள்ளியில் தமிழ் என்று வளர்ந்தவர்கள். டேபிள்களுக்கு நடுவில் உள்ள உறவை, அதாவது அசோசியேஷனை, அவர்களுக்குச் சொல்ல இனிஷியலே போதும். அப்பாவின் எழுத்தைப் பிள்ளைதான் சுமக்கிறது. ஐட்டம் டேபிளில் சலானின் ஐடி இருப்பதும் அப்படித்தான். பிலாங்ஸ்டூ பிள்ளை பக்கம், ஹேஸ்மெனி அப்பா பக்கம். மாற்றி எழுதினால் சலான் டேபிளில் இல்லாத ஃபீல்டைத் தேடும்.

டேபிள் பன்மை, மாடல் ஒருமை என்ற வழக்கம் 2004-இல் வந்த ரெயில்ஸ் என்ற இன்னொரு ஃபிரேம்வொர்க்கிலிருந்து கேக்பிஎச்பிக்கு வந்தது. பன்மையாக்குவது இங்கிலீஷ் இலக்கணம். பிரஸ் ஷாப்பின் உயிர் டை. அதற்கு மாடல் எழுதப் போனால் பிஎச்பியில் டை என்பது புரோகிராமை நிறுத்தும் சொல், கிளாஸுக்கு வைக்கவே முடியாது. ரெயில்ஸில் வைக்கலாம், ஆனால் டைஸ் என்ற பன்மையின் கடைசி ஐஇஎஸ்ஸை வெட்டி ஒய் போட்டு ஒருமையாக்கிவிடும். ஷாப்பில் டையை டூல் என்றும் சொல்கிறார்கள். பிரஸ்டூல் என்று வைத்தேன், தொல்லை தீர்ந்தது. இவ்வளவுக்குப் பிறகும் இந்த வழக்கத்தை நான் விடமாட்டேன். பேர் சரியாக இருந்தால் நாற்பது டேபிளை ஒரு கான்ஃபிக் வரி இல்லாமல் இணைத்துத் தருகிறது.

அசோசியேஷன் வேலை செய்யவில்லையா? குவெரியைத் தொடாதீர்கள். கெட்_கிளாஸ் போட்டு, வந்து நிற்பது உங்கள் மாடல்தானா என்று பாருங்கள். ஆப்மாடல் என்று வந்தால் ஃபைல் பேரைத் திருத்துங்கள். விண்டோஸில் ஒரு எழுத்தை மட்டும் கேப்பிடலாக்கினால் கிட் பெரும்பாலும் அதைக் கண்டுகொள்ளாது; கிட் எம்வி கட்டளையால் மாற்றுங்கள்.