ஞாயிற்றுக்கிழமை மரியாதை

“அப்பா!”

குரல் கேட்டுச் சட்டென்று திரும்பினேன்.

2004. நியூஜெர்சி மாநிலத்தில் பாலிசேட்ஸ் பார்க் என்ற சின்ன ஊர். ஒரு வருஷ வேலையாகப் போய் இறங்கி மூன்றாவது நாள். கையில் அழுக்குச் சட்டைகளோடு ஒரு டிரை கிளீனிங் கடையில் நிற்கிறேன். வெளியே தெரு முழுக்கக் கொரிய எழுத்தில் பலகைகள். ஹட்சன் நதியைத் தாண்டினால் நியூயார்க் என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. இங்கே ‘அப்பா’ என்று கூப்பிட நம்ம ஊர்ப் பெண் யார்?

கூப்பிட்டது கடைக்காரரின் மகள். இருபது வயசு. கொரிய மொழியிலும் அப்பா, அப்பாதான். அம்மா, ‘ஓம்மா’. இதை வைத்துக்கொண்டு யார் யாருக்குச் சொந்தம் என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகப் போவதில்லை. அன்றைக்கு எனக்குச் சட்டை வெளுத்தால் போதும்.

கடைக்காரர் ரசீது எழுதிக்கொண்டே, “உங்க வயசு என்ன?” என்றார்.

“முப்பத்து நாலு.”

“எனக்கு ஐம்பத்தாறு. அப்ப நான் பெரியவன்” என்று திருப்தியாகத் தலையாட்டினார். கொரியர்களுக்கு வயசு தெரியாவிட்டால் பேச்சே ஓடாது. எந்த மரியாதையில் வினைச்சொல்லை முடிப்பது என்று தெரிய வேண்டும். நம்ம ‘வா, வாங்க’ மாதிரிதான். ஆனால் அவர்களிடம் இன்னும் பல படிகள்.

மெல்ல மெல்லப் பழகினோம். சியோலில் அவர் உயர்நிலைப் பள்ளிக் கணக்கு வாத்தியார். 1983-ல் மனைவியோடு அமெரிக்கா வந்தார். இங்கே அந்தப் படிப்பு செல்லவில்லை. காலை ஏழு மணி முதல் ராத்திரி ஏழு மணி வரை, வாரத்தில் ஆறு நாள், மருந்து நெடியும் நீராவியும்தான் வாழ்க்கை. ஒரு தடவை, என் கண்ணெதிரே, பதினெட்டு வயசுப் பையன் ஒருத்தன் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, “பேன்ட்ல கறை போகலையே, என்ன வேலை செய்யறே நீ?” என்று கவுன்ட்டரில் விட்டெறிந்தான். அவர் சிரித்தபடியே எடுத்து மடித்துவைத்தார். ஒரு காலத்தில் அவர் வகுப்புக்குள் நுழைந்தால் ஐம்பது பையன்கள் எழுந்து நின்றிருப்பார்கள்.

உள்ளே தையல் மெஷினில் இருந்த மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை.

ஒரு சனிக்கிழமை, “நாளைக்கு எங்க சர்ச்சுக்கு வாங்களேன். சாப்பாடு நல்லா இருக்கும்” என்றார். நான் சர்ச்சுக்குப் போகிறவன் இல்லை. ஆனால் தனிக்கட்டையாக பிரெட்டைத் தின்று அலுத்துப்போயிருந்த நேரம். கிளம்பிவிட்டேன்.

வாசலில் நின்றவரை எனக்கு அடையாளமே தெரியவில்லை. கறுப்பு கோட், கறுப்பு டை, வாரிவிட்ட தலை. உள்ளே நுழைகிறவர்கள் எல்லோரும் இடுப்பு வரை குனிந்து அவருக்கு வணக்கம் சொன்னார்கள். “ஜாங்னோனிம், ஜாங்னோனிம்.”

ஜாங்னோ என்றால் சபையின் மூப்பர். ‘னிம்’ நம்ம ‘அவர்கள்’ மாதிரி. கொரிய சபைகளில் பேர் சொல்லிக் கூப்பிடுவது அபூர்வம். போதகர் மோக்சானிம். உதவி ஊழியத்தில் இருப்பவர்கள் ஜிப்சானிம். மூத்த பெண்மணிகள் க்வோன்சானிம். வெளியே நகப்பூச்சுக் கடையில் அடுத்தவர் காலைக் கழுவிவிடுகிற அம்மா, இங்கே க்வோன்சானிம். காய்கறிக் கடைக்காரர், ஜிப்சானிம். வாரம் முழுக்கக் கழற்றிவைத்த மரியாதையை எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை எடுத்து உடுத்திக்கொள்கிறார்கள்.

சீனர் போனால் ஹோட்டல் திறப்பார், ஜப்பானியர் போனால் தொழிற்சாலை கட்டுவார், கொரியர் போனால் சர்ச் கட்டுவார் என்று ஒரு சொலவடை உண்டு. பொய்யில்லை. 1903 ஜனவரியில் ஹவாய் கரும்புத் தோட்டத்துக் கூலிகளாகக் கப்பலில் போய் இறங்கிய முதல் கொரியர்களில் பலர், இன்ச்சான் ஊர் மெதடிஸ்ட் சபைக்காரர்கள். அந்த வருஷமே ஹவாயில் சபை தொடங்கிவிட்டார்கள். 1965-ல் அமெரிக்கா குடியேற்றச் சட்டத்தை மாற்றிய பிறகு கூட்டம் கூட்டமாக வந்தார்கள். எண்பதுகளில் வருஷத்துக்கு 30,000 பேருக்கு மேல். பியூ ஆய்வு மையம் 2012-ல் வெளியிட்ட கணக்குப்படி, அமெரிக்கக் கொரியர்களில் 71 சதவிகிதம் கிறிஸ்தவர்கள். தாய்நாடான தென் கொரியாவில் 2015 மக்கள்தொகைக் கணக்கில் சுமார் 28 சதவிகிதம்தான்.

இந்த வித்தியாசத்துக்குப் பக்தி மட்டும் காரணமில்லை. ஜாங்னோனிம் 1983-ல் வந்து இறங்கியபோது ஏர்போர்ட்டுக்குக் கார் கொண்டுவந்தது சபைக்காரர். வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுத்தது இன்னொருவர். கடைக்கு முதல் போட்டது, சபை நண்பர்கள் சேர்ந்து நடத்திய சீட்டுப் பணம். ஆமாம், நம்ம ஊர்ச் சீட்டேதான். அங்கே பேர் ‘கே’.

ஆராதனை முடிந்து சாப்பாடு. விருந்தாளி என்பதால் என்னை மூப்பர்கள் மேஜையில் உட்காரவைத்தார்கள். வெள்ளைத் துணி விரித்த மேஜை. சூடான சோறு, கடற்பாசிச் சூப், நாலு விதக் கிம்ச்சி. பெரியவர் கரண்டியை எடுத்த பிறகுதான் மற்றவர்கள் எடுக்க வேண்டும். எனக்கு நம்ம ஊர்க் கல்யாணத்தில் முதல் பந்தி ஞாபகம் வந்தது. சந்தோஷமாகச் சாப்பிட்டேன். சூப் ஊற்றிக்கொண்டு வந்தது யார் என்று நிமிர்ந்து பார்த்தால், அவர் மகள். நான் கிண்ணத்தை நீட்டினேன். அவ்வளவுதான்.

கல்லூரியில் பொருளாதாரம் படிக்கிற பெண் அவள். அவளை மாதிரி ஐம்பது, அறுபது இளைஞர்கள் அந்தச் சபையில் இருந்தார்கள். அவர்களுக்கென்று கீழே பேஸ்மென்ட்டில் தனியாக ஆங்கில ஆராதனை. அதற்கு ஒரு போதகர், முப்பத்திரண்டு வயசு, முறையாக இறையியல் படித்தவர். ஆனால் புரொஜெக்டருக்கு பல்பு மாற்ற வேண்டுமென்றாலும் மேலே மனுப் போட வேண்டும். மேலே என்றால் நிஜமாகவே மேலே. மாடியில்தான் மூப்பர்களின் கூட்ட அறை.

அந்த வருஷம் பிள்ளைகள் கொஞ்சம் பெரிய மனுவாகப் போட்டார்கள். எங்கள் காணிக்கையை நாங்களே கணக்கு வைத்துச் செலவு செய்கிறோம், சபைக் கூட்டத்தில் எங்கள் பக்கமிருந்தும் ரெண்டு பேர் உட்காரட்டும், அதில் ஒருத்தர் பெண்ணாக இருக்கட்டும் என்று. மூன்று மாசம் பதில் இல்லை. ‘ஏன்’ என்று கேட்கப் போனவர்களுக்கு, கேட்டதே தப்பு என்று பதில் வந்தது.

ஒருநாள் சாயங்காலம் கடையில் அப்பா இல்லாதபோது அந்தப் பெண் என்னிடம் சொன்னாள். “அப்பா உங்களை மதிக்கிறார். நீங்க கொஞ்சம் சொல்லுங்களேன்.”

“பெரியவங்கம்மா... கொஞ்சம் அனுசரிச்சுப் போ. நாளாக ஆகச் சரியாயிடும்.”

அவள் சட்டைக்குப் பட்டன் தைப்பதை நிறுத்தாமல் சொன்னாள். “நீங்களும் அந்த மேஜையிலதானே உட்கார்ந்தீங்க?”

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் உறுத்துகிறது.

கொஞ்ச நேரம் கழித்து அவளே தொடர்ந்தாள். “இங்க வர்ற கஸ்டமர், அப்பாவை ஒரு ஆளாவே மதிக்காமப் பேசறாங்க. எனக்கு வயிறு எரியும். ஆனா சபையில எங்களைப் பார்த்து அப்பா பேசறதும் அதே மாதிரிதான் இருக்கு. எங்க பாஸ்டர் மேல படியேறிப் போறப்ப, கறை போகாத பேன்ட்டைக் கையில எடுத்துட்டுப் போற மாதிரியே போறார்.”

“இதை அப்பாகிட்ட சொன்னியா?”

“எந்த பாஷையில சொல்றது? என்னுடையது சமையலறைக் கொரியன். சாப்பிட்டியா, தூங்கினியா, அவ்வளவுதான் தெரியும். அவருடையது கடை இங்கிலீஷ். செவ்வாய்க்கிழமை ரெடி, பன்னிரண்டு டாலர்.”

அடுத்த வாரம் அப்பா என்னிடம் பேசினார். மூப்பர் கூட்டத்தில் பிள்ளைகளின் மனுவுக்கு எதிராகக் கை தூக்கியதை அவரே சொன்னார். “ஆறு நாள் வெளியே நான் யாருமே இல்லை. ஞாயித்துக்கிழமை நாலு மணி நேரம்தான் ஆளா இருக்கேன். அதையும் எடுத்துக் குடுத்துடணுமா?” அந்த ‘யாருமே இல்லை’யை ஆங்கிலத்தில் சொல்வதற்குள் அவர் பட்ட பாடு!

ரெண்டு பேரும் கேட்டது ஒன்றைத்தான். மரியாதை. ஒருத்தர் அதை வெளியே தொலைத்துவிட்டு உள்ளே தேடினார். இன்னொருத்தி உள்ளே கிடைக்காமல் வெளியே தேடக் கிளம்பினாள். ரெண்டையும் காதில் வாங்கிய ஒரே ஆள் நான். ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தருக்குச் சொல்லியிருக்கலாம். ‘நமக்கெதுக்கு வம்பு’ என்று இருந்துவிட்டேன். அந்த மேஜைச் சாப்பாடு எனக்குப் பிடித்திருந்தது என்பதும் ஒரு காரணம். இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

2005-ல் நான் சென்னைக்குத் திரும்பும் முன்பே அது நடந்துவிட்டது. சண்டை இல்லை, கூச்சல் இல்லை. பிள்ளைகள் ஒவ்வொருத்தராக வருவதை நிறுத்தினார்கள். பாஸ்டர் ராஜினாமா கொடுத்தார். ஒரு பள்ளிக்கூட ஹாலை வாடகைக்கு எடுத்து வேறு ஆராதனை தொடங்கினார்கள். அவளும் போய்விட்டாள். இது ஒரு சபையின் கதை அல்ல என்பது பின்னால்தான் தெரிந்தது. 1996-லேயே ஹெலன் லீ என்ற பத்திரிகையாளர் ‘கிறிஸ்டியானிட்டி டுடே’ இதழில் ஆசியக் குடியேறிகளின் சபைகளைப் பற்றி எழுதி, இதற்கு ‘மௌன வெளியேற்றம்’ என்று பேர் வைத்திருக்கிறார். பியூ மையத்தின் 2023 கணக்கில் அந்த 71 சதவிகிதம், 59-க்கு இறங்கியிருக்கிறது.

2023-ல் ஒரு கல்யாணத்துக்காக மறுபடி நியூஜெர்சி போனேன். கடை கைமாறியிருந்தது. விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். ஜாங்னோனிமுக்கு எழுபத்தைந்து வயசு. அவர்கள் சபையில் எழுபதில் மூப்பருக்கு ஓய்வு. ஆனால் பதவிதான் ஓய்வு பெறும், பட்டம் பெறாது. சபையில் இப்போது நரைத்த தலைகள்தான். புதிதாக வருகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். “பேஸ்மென்ட்டில் நாற்காலி அடுக்கி வச்சிருக்கோம்” என்றார். மேலே எதுவும் சொல்லவில்லை.

மகளும் வந்திருந்தாள். முப்பத்தொன்பது வயசு, ஆறு வயசுப் பையன். 2016-ல் அம்மா இறந்ததைப் பற்றிப் பேச்சு வந்தது. “எங்க சர்ச்ல எல்லாரும் சமம். யாரும் யாருக்கும் குனிய வேண்டாம். அம்மா போனப்ப எல்லாரும் அன்பா மெசேஜ் அனுப்பினாங்க. ஆனா அப்பா சபையிலிருந்து முப்பது க்வோன்சானிம் பாத்திரத்தோட வந்து இறங்கினாங்க. மூணு நாள் இந்த வீட்ல அடுப்பு அணையலை. துக்க வீட்டுக்குன்னு காரமா ஒரு மாட்டிறைச்சிச் சூப் வைப்போம். யாரும் சொல்லாமலேயே நான் கரண்டியைக் கையில எடுத்தேன்” என்றாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்து, “அன்னிக்கு மட்டும்” என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பேரன் அவர்கள் சர்ச்சில் பாடுகிறான் என்று தாத்தாவைக் கூட்டிக்கொண்டு போனாள். நானும் போனேன். கொரியர், சீனர், பிலிப்பைன்ஸ்காரர், வெள்ளைக்காரர், ஒரு மலையாளிக் குடும்பம், எல்லோரும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். பாஸ்டர் ஜீன்ஸ் போட்டிருந்தார். ஆளாளுக்குக் கையில் காபி. ஜாங்னோனிம் மட்டும் அதே கறுப்பு கோட்டில், கடைசி வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். உள்ளே வந்த யாரும் அவருக்குக் குனியவில்லை. வேண்டுமென்று இல்லை. அவர்களுக்குத் தெரியாது.

ஆராதனை முடிந்ததும் மகள் அவர் கையைப் பிடித்து ஒவ்வொருத்தரிடமாக அழைத்துப் போனாள். “எங்க அப்பா” என்று சொல்லியிருக்கலாம். பேரைச் சொல்லியிருக்கலாம். அவள் சொன்னது, “இவர் ஜாங்னோனிம்.”

பேரனின் சிநேகிதன், செம்பட்டைத் தலைப் பொடியன் ஒருத்தன், அதுதான் அவர் பேர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். டோனட் ஒட்டின கையை நீட்டி, “ஹாய், ஜாங்னோனிம்!” என்றான்.

கிழவர் ஒரு கணம் திகைத்தார். பேர் சொல்லிக் கூப்பிடுகிறானா, மரியாதை கொடுக்கிறானா? அவருக்கே புரியவில்லை. அப்புறம், பத்தொன்பது வருஷத்தில் நான் பார்க்காத ஒன்றைச் செய்தார். அந்தப் பொடியனுக்கு முன்னால் இடுப்பு வரை குனிந்து வணக்கம் சொன்னார். அவனும் விளையாட்டு என்று நினைத்துத் திருப்பிக் குனிந்தான். ரெண்டு தலையும் மோதிக்கொள்ளாதது ஆச்சரியம்.

காபி மேஜையில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நான் ஒரு காகிதக் கோப்பையில் காபி பிடித்து, அந்தப் பெண்ணிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பத்தொன்பது வருஷ பாக்கி.